நாலு மணி வரைக்கும் வராது

கெங்கம்மாள் வாயில் ‘சுமாரா’ என்ற சொல் வந்து நான் கேட்டதே இல்லை. இன்றைக்கு எத்தனை பேர் வேலைக்கு வந்திருக்கிறார்கள் என்று கேட்டால் நாற்பத்து மூன்று என்பாள். நாற்பது இருக்குமா என்று இழுத்தால், “நாப்பத்தி மூணுன்றேன்ல, காதுல இன்னா வெச்சிக்கினு கீற?” என்பாள். காக்களூர் தொழிற்பேட்டையில் நான் பார்த்த முதலாளிகளும் மேனேஜர்களும் சுமாராகத்தான் பேசுவார்கள். லாரி சுமாராகப் பத்து மணிக்கு வரும். சம்பளம் சுமாராக ஏழாம் தேதி வரும். இவள் ஒருத்திதான் கணக்காகப் பேசினாள். அதற்காகவே பேட்டையில் பாதிப் பேர் அவளை மதித்தார்கள், மீதிப் பேர் திட்டினார்கள். நான் இரண்டையும் செய்தேன்.

அவள் இவள் என்று எழுதுவதை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். என்னைவிடப் பத்து வயது மூத்தவள், நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஆனால் பேட்டையில் எல்லோரும் அவளை நீ வா போ என்றுதான் பேசினோம். அவளும் முதலாளி ஒருவரைத் தவிர எங்கள் எல்லோரையும் அப்படித்தான் பேசினாள்.

திருவள்ளூருக்கு மேற்கே ஒரு கிராமத்தில் நெல் விளைகிற நிலம் வைத்திருந்த குடும்பம் அவளுடையது. கல்யாணமாகி ஏழாவது வருஷம் புருஷன் காமாலையில் போய்விட்டான். பிள்ளை இல்லை. அண்ணன் வீட்டில், “கொஞ்ச நாள் இங்கயே இரும்மா” என்றார்களாம். எத்தனை நாள் என்று இவள் கேட்டாளாம். பதில் வரவில்லை. மறுநாளே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேப்பம்பட்டில் ஒற்றை அறை வாடகைக்கு எடுத்து, காக்களூரில் குப்புராஜ் என்பவர் நடத்திய பிளாஸ்டிக் கம்பெனியில் பேக்கிங் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். வாளி, மக்கு, டப்பா மூடி செய்கிற கம்பெனி. ஆள் வருகைப் பதிவு எழுதிய மனுஷர் வராதவனுக்கும் வந்ததாகக் குறி போட்டு மாட்டிக்கொண்ட அன்று, குப்புராஜ் அந்த நாற்காலியில் கெங்கம்மாளைத் தூக்கி உட்காரவைத்தார். நாற்பது தொழிலாளிகளின் போன் நம்பரையும் நோட்டுப் பார்க்காமல் சொல்லுவாள் என்பதுதான் அவளுடைய தகுதி.

நான் யேசுதாஸ். பக்கத்து ஷெட்டில் இருக்கும் பிரஸ் ஷாப்புக்கு சூப்பர்வைசர். தகட்டை வெட்டி, அமுக்கி, கிளாம்ப் செய்கிற சின்னக் கம்பெனி அது. எங்கள் முதலாளி சென்னையில் இருந்தார், மாதம் இரண்டு தடவை வந்து குறை சொல்லிவிட்டுப் போவார். மற்ற நாளில் எல்லாம் நான்தான்.

2008ஆம் வருஷம் கரன்ட் போக ஆரம்பித்தது. அதற்கு முன்பும் போகும்தான், ஆனால் அந்த வருஷம் அது ஒரு வேலையாகவே போக ஆரம்பித்தது. காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை, நடுவில் இஷ்டத்துக்கு ஒன்று. எங்களுக்குப் பரவாயில்லை, பிரஸ் அப்படியே நிற்கும். பிளாஸ்டிக் மெஷினில்தான் பேஜாரு. உருகின பிளாஸ்டிக் உள்ளே இருக்கும்போது கரன்ட் போனால் அது உறைந்து கல்லாகிவிடும், சூடாக்கிச் சுரண்டி எடுக்க அரை நாள் ஆகும். பத்து நிமிஷம் முன்னால் தெரிந்தால் மெஷினைக் காலி பண்ணிவிடலாம்.

அந்தப் பத்து நிமிஷத்தைக் கெங்கம்மாள்தான் கண்டுபிடித்தாள். எதிரே சப்ஸ்டேஷன். அங்கே இருந்த ஆபரேட்டர் அப்பாவு குடிதண்ணீர் பிடிக்க இவளுடைய கம்பெனி கேட்டுக்குத்தான் வருவார், ஏனென்றால் பேட்டையில் உப்புக் கரிக்காத தண்ணீர் அங்கே மட்டும்தான் வந்தது. எந்த லைனை எப்போது நிறுத்தச் சொல்லி போன் வந்தது என்று கேனை நிரப்பிக்கொண்டே சொல்லிவிடுவார். இவள் உடனே அக்கம்பக்கத்துக் கம்பெனிகளுக்கு மிஸ்டு கால் கொடுப்பாள். ஒரு ரிங் என்றால் போகப்போகிறது. இரண்டு ரிங் என்றால் வரப்போகிறது. பைசா செலவில்லை. பன்னிரண்டு பேர் அந்த வரிசையில் இருந்தோம், நான் ஏழாவது. ஒரு நாள் என் சம்சாரம் உருளைக்கிழங்கு வாங்கி வரச் சொல்ல ஒரு ரிங் கொடுத்துவிட்டு வைத்துவிட்டாள். கையெல்லாம் கிரீஸ், யார் என்று பார்க்கவில்லை. ஆறு பிரஸ்ஸையும் நிறுத்திவிட்டு அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தோம்.

அந்தக் கதையைக் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்தவன் தமீம் அன்சாரி. எங்கள் ஷாப் எலக்ட்ரீஷியன், இருபத்து நாலு வயது. பழவேற்காட்டில் அவன் குடும்பம் மூன்று தலைமுறையாக ஜவுளிக் கடை வைத்திருந்தது. இவன் மட்டும் துணி மடிக்க மாட்டேன் என்று ஐ.டி.ஐ. படித்துவிட்டு எங்களிடம் வந்தவன். கைவேலையில் கெட்டிக்காரன், புதிதாக வருகிற எதையும் முதலில் தொட்டுப் பார்ப்பவன். அவன்தான் ஒரு நாள் டீ நேரத்தில் கெங்கம்மாளின் ஆபீஸ் ஜன்னலுக்குப் போய் நின்றான்.

“அக்கா, இந்த மிஸ்டு காலெல்லாம் எத்தினி நாளைக்கு? பெங்களூர்ல ஒரு கம்பெனி ஒரு நம்பர் குடுக்கறான். நீ அந்த நம்பருக்கு ஒரே ஒரு மெசேஜ் அனுப்பு. யார் யாரு உன் பேர்ல சேந்துகீறாங்களோ அத்தினி பேருக்கும் அவனே பிரிச்சி அனுப்பிடுவான். ஃப்ரீ.”

“எதுக்கு ஃப்ரீயா செய்யறான்? அவன் இன்னா என் மாமனா?”

“வெளம்பரம் போடுவான்கா. அமெரிக்காவுல இதே மாதிரி ஒண்ணு நடக்குது. கம்ப்யூட்டர்ல நூத்தி நாப்பது எழுத்துல, நாஷ்டா துன்னேன், தூக்கம் வருதுன்னு எழுதறாங்களாம். அத ஆயிரக்கணக்குல படிக்கறாங்களாம்.”

“ஒருத்தன் நாஷ்டா துன்னத இன்னொருத்தன் குந்திக்கினு படிக்கறானா? வேலவெட்டி இல்லாத ஊரா கீதே” என்றாள். ஆனால் போனை ஜன்னல் வழியாக நீட்டிவிட்டாள்.

தமீம் அவள் பெயரில் ‘காக்களூர் கரன்ட்’ என்று ஒரு குரூப் ஆரம்பித்துக் கொடுத்தான். நூற்றறுபது எழுத்துக்குள் அடக்க வேண்டும். அந்தக் கால போனில் தமிழ் வராது, தமிழை இங்கிலீஷ் எழுத்தில்தான் அடிக்க வேண்டும். எட்டாவது வரை படித்திருந்த கெங்கம்மாள் நான்கே நாளில் என்னைவிட வேகமாக அடித்தாள். ‘இன்னிக்கு 11 மணிக்கு கட். 12 வரைக்கும் வராது.’ அவ்வளவுதான். வணக்கம் கிடையாது, நன்றி கிடையாது.

பன்னிரண்டு அறுபதாயிற்று. அறுபது ஒரே மாதத்தில் நானூறாயிற்று. வேப்பம்பட்டில் மோட்டார் போட்டுத் தண்ணீர் ஏற்றுகிற பெண்கள் சேர்ந்தார்கள், ஏனென்றால் அங்கேயும் இதே லைன். அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் கான்ட்ராக்ட் வேலை பார்த்த ஒருவர் சேர்ந்தார், அவர் வீடு வேப்பம்பட்டில். “கரன்ட் செய்யறவனே நம்மள வந்து கரன்ட் எப்ப வரும்னு கேக்கறான் பாரு” என்று கெங்கம்மாள் அதை ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தாள். கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலைக்காரர்கள் எங்கள் ஊருக்கும் போடுங்கள் என்று கேட்டார்கள். முடியாது என்றுவிட்டாள். “உங்க லைனு எனக்குத் தெரியாது. தெரியாதத நான் எப்டி சொல்றது?”

வளர்ந்தால் வலிக்கத்தானே செய்யும். முதலில் யார் பதில் போட்டாலும் அது எல்லோருக்கும் போகும்படி இருந்தது. காலை வணக்கம் வந்தது. நிலாவைப் பற்றிக் கவிதை வந்தது. பழைய மொபெட் விற்பனைக்கு என்று வந்தது. லேத் பட்டறைக்காரன் ஒருவன் ‘சாப்டியா செல்லம்’ என்று யாருக்கோ எழுதியது நானூறு பேருக்கும் போனது. அதில் அவன் மனைவியும் ஒருத்தி, அந்தச் செல்லம் அவளில்லை. அன்று சாயங்காலம் கெங்கம்மாள் மற்றவர்கள் வாயை மூடிவிட்டாள். அதற்குப் பிறகு அவள் ஒருத்தி மட்டும்தான் எழுத முடியும்.

அப்புறம் பெங்களூர்க்காரன் விளம்பரத்தை வால் மாதிரி ஒட்ட ஆரம்பித்தான். ‘2 மணிக்கு கட். 4 வரைக்கும் வராது. ஏழே நாளில் சிவப்பழகு’ என்று வரும். பேட்டையின் மறுகோடியில் ஒருவன் ‘நம்பர் ஒன் காக்களூர் கரன்ட்’ என்று போட்டிக் குரூப் ஆரம்பித்து, இவள் எழுதுவதையே கால் மணி தாமதமாகக் காப்பியடித்து அனுப்பினான். கெங்கம்மாள் அவனோடு சண்டைக்குப் போகவில்லை. “கால் மணி லேட்டா வர உண்ம யாருக்கு வேணும், உடு” என்றாள்.

லேட் என்பது அவள் வீட்டுக்கே வந்தது. ஆயிரத்து நூறு பேர் ஆன சமயம். முன்பு ஒரு நிமிஷத்தில் வந்த மெசேஜ் பத்து நிமிஷம் எடுத்தது. ஒரு நாள் வந்தாச்சு என்பது முதலிலும் போகப்போகுது என்பது பிறகும் வந்து சேர்ந்தது. நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை. பெங்களூருக்குப் போன் போட்டு, அங்கே இங்கிலீஷில் பேசிய பெண்ணிடம் ஆறு நிமிஷம் தமிழிலேயே பேசினாள். நாடு முழுக்க லட்சக்கணக்கானவர்கள் சேர்ந்துவிட்டார்கள், கொஞ்சம் பொறுங்கள் என்று கடைசியில் ஒரு தமிழ்ப் பையனைப் பிடித்துச் சொல்லவைத்தார்களாம். கொஞ்சம் என்றால் எத்தனை நாள் என்று கேட்டாளாம். அண்ணன் வீட்டுப் பதில்தான் அங்கேயும்.

ஆனாலும் அவளைத்தான் நம்பினோம். நம்பினோம் என்பது சாதாரண வார்த்தை. வயரில் கரன்ட் இருக்கிறதா என்று டெஸ்டரை வைத்துப் பார்க்கிறவன் அதை விட்டுவிட்டு போனை எடுத்துப் பார்த்தான். கெங்கம்மா போட்டுட்டாளா, போட்டுட்டா, அப்ப சரி. பேட்டையில் அந்த ஒரு வருஷம் இதுதான் பேச்சு. அந்தப் பெயர்தான் அவளுக்கு எல்லாம். அதைத் தவிர அவளிடம் இருந்தது ஒற்றை அறையும் ரயில்வே பாஸும்.

டிசம்பர் 31 மதியம் இரண்டு மணிக்கு கரன்ட் போனது. எனக்கு மெசேஜ் வரவில்லை. புது வருஷ வாழ்த்து அனுப்பி எல்லா நெட்வொர்க்கும் திணறிக்கொண்டிருந்த நாள். ‘என்னக்கா தூங்கிட்டியா’ என்று மனதுக்குள் திட்டிவிட்டு மறந்துவிட்டேன். மறுநாள் விடுமுறை. ஜனவரி 2, வெள்ளிக்கிழமை, தமீம் ஜும்ஆ தொழுதுவிட்டு இரண்டு மணிக்குத் திரும்பி வந்தான். மூன்றாம் நம்பர் பிரஸ்ஸின் பெட்டிக்குள் ஒரு சுவிட்ச் காலையிலிருந்து கிர்ரென்று கத்திக்கொண்டிருந்தது, மாற்ற வேண்டும். வேலையை நிறுத்த மனமில்லாமல் நான்தான் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு பத்துக்கு கரன்ட் போனது. இரண்டு நிமிஷத்தில் என் போன் கத்தியது.

‘இன்னிக்கு 2 மணிக்கு கட். 4 மணி வரைக்கும் வராது.’

நல்லதாகப் போச்சு என்று நினைத்தேன். தமீம் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு மெயின் சுவிட்சை நிறுத்தப் புறப்பட்டான். அது ஷெட்டின் பின்சுவரில் இருந்தது. போகிற வழியில் தகட்டு ஸ்க்ராப்பை மலையாகக் குவித்து வைத்திருந்தோம். அதைச் சுற்றி, சுவரோடு ஒட்டி, காலைக் கிழித்துக்கொள்ளாமல் போய்வர ஐந்து நிமிஷம் ஆகும்.

“எங்க போற நைனா?” என்றேன்.

“மெயின எடுத்துட்டு வரேன்ணா.”

“நாலு மணி வரைக்கும் வராதாம்பா. கெங்கம்மாக்கா போட்டுகீது, பாரு. எதுக்கு அந்த ஸ்க்ராப்ப சுத்திக்கினு? சட்டுனு மாத்து.”

அவன் போனைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். திரும்பி வந்து பெட்டியைத் திறந்தான்.

ஏதோ ஒரு சின்னக் கோளாறில்தான் அன்றைக்குக் கரன்ட் போயிருக்கிறது. எட்டே நிமிஷம். இரண்டு பதினெட்டுக்கு மின்விசிறி சுற்ற ஆரம்பித்த சத்தமும் அவன் விழுந்த சத்தமும் ஒன்றாகக் கேட்டன. வலது கை கருகியிருந்தது. மூச்சு இருந்தது. எங்கள் டெம்போவில் போட்டுத் திருவள்ளூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன், அங்கிருந்து சென்னைக்கு அனுப்பினார்கள். உயிருக்குப் பயமில்லை என்று சாயங்காலம் சொன்னார்கள். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இல்லை என்று மறுநாள் சொன்னார்கள்.

எப்படி ஆயிற்று என்று முதலாளி போனில் கேட்டார். “கெங்கம்மா மெசேஜப் பாத்துட்டு ஏமாந்துட்டான் சார்” என்றேன். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அப்படிச் சொன்னதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

விபத்து நடந்த அன்றே, சாயங்காலத்துக்குள் பேட்டை முழுக்க அதே வாக்கியம்தான். கெங்கம்மாள் என் ஷெட்டுக்கு வந்தாள். கையில் போன். அனுப்பிய மெசேஜ்கள் இருக்கும் இடத்தைத் திறந்து காட்டினாள். 31ஆம் தேதி, மதியம் 1.41.

“முந்தாநாளுது, தாஸு. ரெண்டு நாளு எங்கியோ குந்திக்கினு இருந்துட்டு இன்னிக்கு வந்துகீது. இன்னிக்குன்னு எழுதிட்டேன். தேதி போடல.”

“நீ இன்னாக்கா பண்ணுவ. பெங்களூர்க்காரன் தப்பு” என்றேன்.

“அவன் தப்பு அவனுக்கு. தேதி போடாதது யாரு?” என்றாள். இன்னும் ஏதாவது சொல்வேன் என்பதுபோல் நின்றாள். நான் டெம்போ சாவியைத் தேடுவதுபோல் சட்டைப் பையைத் தடவினேன்.

திங்கட்கிழமை அவள் லீவு போட்டாள், ஒன்பது வருஷத்தில் அதுதான் முதல் தடவை. இரண்டு பேரும் ரயிலேறிச் சென்னைக்குப் போனோம். வார்டுக்கு வெளியே பெஞ்சில் தமீமின் அம்மா மெஹர்னிசா உட்கார்ந்திருந்தார். நான் கெங்கம்மாளை யார் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அவளே சொல்லிவிட்டாள்.

“நாலு மணி வரைக்கும் வராதுன்னு போட்டது நான்தாம்மா.”

அந்த அம்மா அவளை மேலும் கீழும் பார்த்தார். “நீதானா? உன் பேச்ச நம்பித்தானே எம்புள்ள கைய வெச்சான்.”

“ஆமா.”

“ஆமான்றியே. அவ்ளோதானா?”

“ஆமாம்மா. முப்பத்தொண்ணாந்தேதி அனுப்பனது ரெண்டாந்தேதி வந்துச்சு. அதுல தேதி இல்ல. அது என் தப்பு. வேற சமாதானம் எங்கிட்ட இல்ல.”

மெஹர்னிசா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். பிறகு நகர்ந்து இடம் விட்டு, “குந்து. நின்னுக்கினே இருந்தா வெரலு மொளச்சிடப்போவுதா?” என்றார். கெங்கம்மாள் உட்கார்ந்தாள். நான் சாத்துக்குடிப் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என்னை யாரும் உட்காரச் சொல்லவில்லை, என் தப்பு என்ன என்று யாரும் கேட்கவும் இல்லை.

ஒருவரைத்தான் உள்ளே விட்டார்கள், அவள் போனாள். கால் மணி நேரம் கழித்து வெளியே வந்தபோது என்னை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். அழுத களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் ஆயிரத்து நூறு பேருக்கும் அவள் எழுதியது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. ‘6.1.09 காலை 9.05. 31ந்தேதி மெசேஜ் 2ந்தேதி வந்துச்சு. தேதி போடாதது என் தப்பு. தமீம் 2 விரல் போச்சு. இனி தேதி நேரம் இல்லாம போட மாட்டேன். கெங்கம்மா.’ அதன் வாலில் ஒரு நகைக்கடை விளம்பரம்.

நானூறு பேர் விலகிப் போனார்கள். போட்டிக் குரூப்காரன், ‘எங்கள் செய்தி எப்போதும் சரியானது’ என்று எழுதி அவர்களைச் சேர்த்துக்கொண்டான். அவனும் அந்த 31ஆம் தேதி மெசேஜைத்தான் காப்பியடித்திருந்தான், அதை யாரும் கேட்கவில்லை. குப்புராஜ் அவளைக் கூப்பிட்டு, நல்ல மனசோடுதான், “போதும்மா, இந்த வம்பு நமக்கு வேணாம், நிறுத்திடு” என்றார்.

“நிறுத்த மாட்டேன் சார்” என்றாளாம். “நான் நிறுத்தனா இன்னொருத்தன் போடுவான். தேதி போடணும்னு தெரிஞ்சவ இந்தப் பேட்டைல இப்ப நான் ஒருத்திதான் சார்.”



அவள் எழுதும் முறை மாறியது. முதலில் தேதி, அப்புறம் நேரம், அப்புறம் கட் எப்போது, கடைசியில் ‘மெயின எடுத்துட்டுதான் கை வெக்கணும். என்னையும் நம்பாத.’ தினமும், ஒவ்வொரு மெசேஜிலும். நூற்றறுபது எழுத்தில் கால்வாசி இதற்கே போனது. தினம் அதே பாட்டா என்று சிலர் முணுமுணுத்தார்கள். அவள் ஒரு எழுத்தைக்கூடக் குறைக்கவில்லை.

பிப்ரவரி மாதம் ஒரு புதன்கிழமை டீக்கடையில் நின்றிருந்தேன். அந்தச் செல்லம் புகழ் லேத்காரன் வடையைக் கடித்துக்கொண்டே, “கெங்கம்மா மெசேஜு ஒரு கையையே வாங்கிச்சுப்பா” என்றான். நாலு பேர் தலையாட்டினார்கள். நானும் ஆட்டியிருப்பேன். பின்னாலிருந்து அவள் குரல் கேட்டது.

“கையில்ல. ரெண்டு வெரலு. சொல்றத சரியா சொல்லு.”

சொல்லிவிட்டு டீயை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். என் கையிலும் ஒரு வடை இருந்தது. அவள் வார்த்தையை உயிராக நினைப்பவள், அவள் வார்த்தையைத்தான் நான் கேடயமாகப் பிடித்துக்கொண்டு ஒன்றரை மாதமாக நிற்கிறேன். வடையை நாய்க்குப் போட்டுவிட்டு நேராக அவள் ஜன்னலுக்குப் போனேன்.

“அக்கா, அன்னிக்கு தமீம் மெயின எடுக்கப் போனான். வேணாம்னு நிறுத்தனது நான்.”

அவள் பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “தெரியும்.”

“தெரியுமா? எப்டி?”

“ஆஸ்பத்திரில கேட்டேன், சொன்னான். அண்ணன ஒண்ணும் கேக்காதக்கான்னும் சொன்னான்.”

“அப்புறம் ஏன்கா உம்பேர மட்டும் போட்டு எழுதன? என்னையும் எழுதியிருக்கலாமே.”

இப்போது தலையைத் தூக்கினாள். கோபம் இருந்தது. மறைக்கவில்லை. “என்னுத நான் எழுதனேன். உன்னுத நான் எப்டி எழுதறது? உன் கைல போன் இல்லியா? உனக்கு பத்து வெரலும் கீதே.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் அதைப் பார்க்காதவள்போல் தன் போனை எடுத்து ஏதோ அமுக்கினாள். மாதக்கணக்காக மூடி வைத்திருந்த வாசலை என் நம்பருக்கு மட்டும் திறந்துவிட்டாள்.

“அடி” என்றாள்.

ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டே அடித்தேன். அரை மணி நேரம் ஆயிற்று. அவளிடம் காட்டினேன். தமீமை நிறுத்தியது நான் என்பதற்குக் கீழே, கெங்கம்மா மேல் தப்பு சொல்லாதீர்கள் என்று ஒரு வரி சேர்த்திருந்தேன்.

“அத எடு” என்றாள். “என்னுது எங்கிட்டயே இருக்கட்டும். முன்னால தேதி போடு.”

எடுத்தேன். போட்டேன். ‘18.2.09 மதியம் 1.20. ஜனவரி 2 அன்னிக்கு தமீம் மெயின எடுக்கப் போனான். வேணாம்னு சொன்னது நான். யேசுதாஸ், பிரஸ் ஷாப்.’ அனுப்பினேன்.

ஒரே நேரத்தில் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்திருந்தால் ஒரு நாள் அவமானத்தோடு முடிந்திருக்கும். பெங்களூர்க்காரன் அப்படி விடுவானா? அன்று சிலருக்கு வந்தது, வியாழக்கிழமை சிலருக்கு, வெள்ளிக்கிழமை மீதிப் பேருக்கு. மூன்று நாளும் யாராவது ஒருவர் போனைப் பார்த்துவிட்டுப் புதிதாக என்னை நிமிர்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள். முதலாளி போன் செய்து கத்தினார். லேத்காரன் டீக்கடையில் என் பக்கத்தில் நிற்காமல் தள்ளி நின்றான். என் மெசேஜின் வாலில் முடி உதிர்கிறதா என்று ஒரு எண்ணெய் விளம்பரம், எனக்குத் தலையில் உதிர ஒன்றும் மிச்சமில்லை. அதைக்கூட ஒருவரும் கிண்டல் செய்யவில்லை. ஆனால் கெங்கம்மாள் பெயரை எடுத்து யாரும் பேசவும் இல்லை.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு என் போன் கத்தியது. தமீம்.

‘அண்ணா, மெசேஜ் இன்னிக்குதான் வந்துச்சு. இடது கைல அடிக்கறேன், லேட் ஆவுது. ஏப்ரல்ல வேலைக்கு வரேன். மெயினுக்கு போற வழில இருந்த ஸ்க்ராப்ப எடுத்துட்டியா?’

நான் திரும்பிப் பார்த்தேன். குவியல் அங்கேயேதான் கிடந்தது. ஜனவரியில் இருந்ததைவிட ஒரு அடி உயரமாகவும் இருந்தது.

போனை எடுத்துக்கொண்டு பக்கத்து ஷெட்டுக்குப் போய் அவளிடம் நீட்டினேன். கெங்கம்மாள் படித்தாள். இரண்டாவது தடவையும் படித்தாள். பதிவேட்டை மூடி மேஜைக்குள் வைத்துப் பூட்டினாள். சேலையைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு எனக்கு முன்னால் என் ஷெட்டுக்குள் நடந்து, அந்தக் குவியலுக்கு எதிரே போய் நின்றாள்.

“கையுறை எங்க கீது?” என்றாள். “ரெண்டு ஜோடி எட்தா.”